கால் இல்லாதவர்களின் டீக்கடை

கடையில் என் வேலை அடுத்தவர் வியர்வையைத் துடைப்பது. தலையில் மாட்டிக்கொண்டு விளையாடுகிற வி.ஆர். பெட்டியை ஒருவர் கழற்றிக் கொடுத்ததும், உள்ளே நெற்றி படுகிற பஞ்சுப் பட்டையை ஈரத்துணியாலும், கண்ணுக்கு நேராக இருக்கிற இரண்டு கண்ணாடிகளை மெல்லிய துணியாலும் துடைத்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். வேறு ஊரில் இது சுலபமான வேலையாக இருக்கலாம். எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள், திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிடுவார்கள். நெற்றி நிறையத் திருநீறு இருக்கும். "கொஞ்சம் தொடச்சிட்டு மாட்டிக்குங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் யாரும் துடைக்கமாட்டார்கள், கோயிலில் வாங்கி இட்ட திருநீறு. அது உதிர்ந்து கண்ணாடியில் விழும். மாட்டியவர் கையை நீட்டித் தடவிக்கொண்டே, "இன்னாபா இது, உள்ள ஒரே பனியா கீது" என்பார். திருநீறுதான் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். வாங்கித் துடைத்துக் கொடுப்பேன்.

சிலருக்குத் தலை சுற்றும். சிலர் வாந்தி எடுப்பார்கள். அதற்கு ஒரு வாளி வைத்திருக்கிறோம். சிலர் உள்ளே பள்ளத்தைப் பார்த்துப் பயந்து பின்னால் சாய்வார்கள். விழாமல் பிடித்துக்கொள்ள நான் பின்னால் நிற்பேன். பின்னால் நிற்கிற வேலை எனக்குப் பொருத்தமானது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற நாளிலிருந்து நாலு பேர் இருக்கிற இடத்தில் முன்னால் போய் நின்று நான் பேசியதில்லை.

சம்பளத்துக்காக இந்த வேலைக்கு வரவில்லை. என் மகனைத் தேடி வந்தேன்.

அதற்கு முன்பு செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்தேன். அறை பெருக்குவது, படுக்கை விரிப்பு மாற்றுவது, கேட்டைப் பூட்டுவது. அங்கே பல மாதம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய வி.ஆர். பெட்டியை என் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மகன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அவ்வப்போது எனக்கு உதவியாக வருவான், அவரிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுவான். அவருக்குப் பிடித்துப் போயிற்று.

வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு அறையும் சமையல் இடமும் உள்ள வாடகை வீடு எங்களுடையது. அந்த ஒரு அறையில்தான் அவன் பெட்டியை மாட்டிக்கொண்டு நிற்பான். கையை வீசுவான். பீரோவில் இடித்துக்கொண்டு விரல் வீங்கியது ஒருநாள், டியூப் லைட் உடைந்தது ஒருநாள். எனக்கும் என் மனைவிக்கும் அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவன் சிரித்ததுதான் பெரிதாகப் பட்டது. எங்களிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, முகத்தை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான்.

"யார்கிட்டடா பேசுற?" என்று என் மனைவி கேட்டாள்.

"பிரண்ட்ஸ்மா."

"எந்த ஊரு?"

"எல்லா ஊரும்தாம்மா."

அவளுடைய அண்ணன் ஒருமுறை வந்தபோது வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வேல கெடைக்கலன்னு பொட்டிக்குள்ளயே குடித்தனம் போயிட்டான் உன் புள்ள. வாடகையாவது அங்க கம்மியா?" என்றார். மகனுக்குக் காதில் விழுந்திருக்கும். பெட்டி காதை மூடுவதில்லை.

வேலைக்கான நேர்காணல்களுக்கு அவன் கிளம்பும்போதெல்லாம் என் மனைவி வாசல்வரை வந்து, இரண்டு கையாலும் அவன் முகத்தை மேலிருந்து கீழாக வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரலை மடக்கிச் சொடுக்குவாள். படபடவென்று சத்தம் வரும். ஒன்றாம் வகுப்பிலிருந்து எந்தப் பரீட்சைக்கும் அது இல்லாமல் அவன் போனதில்லை. வளர்ந்த பிறகு, "விடும்மா, யாராச்சும் பாக்கறாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு தப்பிப்பான். அவள் விடமாட்டாள். திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தாலே வேலை இல்லை என்று தெரிந்துவிடும். அப்போது அவள் கேட்பது ஒன்றுதான். "சாப்ட்டியா?"

ஒருநாள் பெட்டியில் வியர்வை நாற்றம் அடிக்கிறது என்று அவள் எடுத்தாள். பஞ்சுப் பட்டையைத் துவைத்துப் பிழிந்தாள். பெட்டியும் ஈரமாக இருக்கிறதே என்று மொட்டை மாடியில் உச்சி வெயிலில், உள்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி மல்லாத்திக் காயவைத்தாள். வத்தல், தலையணை, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றுக்கும் அவள் செய்கிற வைத்தியம் அதுதான். வெயிலில் வைத்தால் எதுவும் சுத்தமாகிவிடும். அந்தக் கண்ணாடிகள் வெயிலைக் குவித்து உள்ளே இருக்கிற திரையைச் சுட்டுவிடும் என்று எங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

மகன் மாட்டிப் பார்த்தான். கழற்றினான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி மாட்டினான்.

"நடுவுல கருப்பா ஒரு புழு மாதிரி கீதும்மா. போவாது இனிமே."

அவ்வளவுதான் சொன்னான். கத்தவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டான். அந்த வாரத்திலேயே ஒரு காலை, பையில் துணியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் கிளம்புவதுபோலக் கிளம்பினான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வாசலுக்கு வருவதற்குள் போய்விட்டான்.

மறுநாள் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நல்லா இருக்கேன், தேடாதீங்க. அதன் பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன், போன பிறகு பாதிதான் வந்தது. "அவன் மேஜரு. அவனா போயிருக்கான், அவனா வருவான். நீங்க போயி வேலைய பாருங்க" என்றார்கள்.

என் மனைவி ஒரே முடிவுக்கு வந்துவிட்டாள். "வெயில்ல வச்சது நான். நான்தான் தொரத்திட்டேன்." வேறு காரணங்கள் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். அவற்றை எடுத்துச் சொல்லி அவளைத் தேற்றுகிற அளவுக்கு எனக்குப் பேச வராது. அவள் சாப்பிடுவது கம்மியானது. யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போவாள்.

இந்த மாடிக் கடையின் முதலாளி பாய் என்னை விட மிக இளையவர். கீழே அவர்கள் குடும்பத்துச் செருப்புக் கடை, பழைய கடை. மேலே காலியாகக் கிடந்த இடத்தில் இவர் விளையாட்டுக் கடை போட்டார். பெட்டியில் சிக்கல் வந்தால் என் மகன் இவரிடம்தான் எடுத்துப் போவான். அவன் போய்ப் பல வாரம் கழித்துத்தான் எனக்கு அது நினைவு வந்தது. போய் நின்றேன்.

"பையன் மத்தியானமானா டீக்கடையில இருப்பாண்ணே" என்றார் பாய்.

"எந்தக் கடை பாய்? பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கே, அதுவா?" நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பியே விட்டேன்.

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வெளிய இல்லண்ணே. உள்ள."

எங்கெங்கோ இருக்கிற தமிழ் ஆட்கள் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து பேசுவதற்கென்று யாரோ உள்ளே ஒரு டீக்கடையைக் கட்டி வைத்திருக்கிறார்களாம். பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவன் அங்கே வராமல் இருக்கமாட்டான் என்றார். எனக்கு அது போதும். அந்த மாதமே கெஸ்ட் ஹவுஸ் வேலையை விட்டுவிட்டு அவரிடம் சேர்ந்துகொண்டேன். மத்தியானம் கூட்டம் இருக்காது. அப்போது ஒரு பெட்டியை நான் மாட்டிக்கொள்ளலாம் என்றார்.

முதல் நாள் மாட்டியதும் உடம்பெல்லாம் வியர்த்தது. பெட்டி மூக்கின்மேல் கல்லை வைத்ததுபோல் அழுத்தியது. பிறகு வெளிச்சம் வந்தது. ஓட்டுக் கூரை, பாய்லர், கண்ணாடி ஜாடியில் பிஸ்கட், நீளமான மர பெஞ்சு. பெஞ்சைப் பார்த்ததும் உட்காரப் போனேன். கடைத் தரையில் விழுந்தேன். பாய் ஓடிவந்து தூக்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். "உள்ள பெஞ்சு இருந்தாலும் வெளிய சேர் இருக்கான்னு பாத்துட்டு குந்துண்ணே."

அங்கே வருகிற எவருக்கும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. தலை, உடம்பு, கை, அவ்வளவுதான். மிதந்து வருவார்கள். யாரும் தன் முகத்தோடும் வருவதில்லை. ஒருவருக்குக் காக்காய்த் தலை. ஒரு பெண் பூனைக் காதோடு வருவாள். நான் மாட்டிய பெட்டியில் முன்பு யாரோ ஒரு குழந்தை தேர்ந்தெடுத்து வைத்திருந்த உருவம் நீலக் கரடி. மாற்றத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

மைக்கை நான் திறக்கவே இல்லை. மூலையில் உட்கார்ந்து குரல்களைக் கேட்டேன். என் மகன் எந்த உருவத்தில் வந்தாலும் குரல் அவனுடையதாகத்தானே இருக்கும்.

"யோவ் கரடி, தெனமும் வர, தெனமும் குந்துற. வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றார் காக்காய்த் தலைக்காரர். மலேசியாவில் லாரி ஓட்டுகிறவராம், தாத்தா ஊர் எங்கள் பக்கம் என்று சொல்லிக்கொள்வார்.

"விடுங்ணா. பாவம், பேச வராதோ என்னமோ" என்றாள் பூனைக் காது. கோயம்புத்தூர்ப் பேச்சு.

"அப்ப ஊமைக் கரடின்னு வச்சிக்கலாம்."

அதுவே என் பேராயிற்று.

ஒருநாள் அந்தப் பெண்ணிடம் ஒருவன் வந்து அசிங்கமாகப் பேசினான். அவள் நகர நகர அவனும் நகர்ந்து முகத்துக்கு நேராக வந்து நின்றான். அவள் கையை உயர்த்தி எதையோ தொட்டாள். அதோடு நிம்மதியாக மற்றவர்களிடம் பேச்சைத் தொடர்ந்தாள். அவன் போகவில்லை. அவள் எங்கே என்று தேடுவதுபோல் அவள் முன்னாலேயே குதித்துக்கொண்டு கத்தினான். எங்களுக்கெல்லாம் அவன் தெரிந்தான், அவன் சத்தமும் கேட்டது. அவள் அவனை ஊடுருவிப் பார்த்துக்கொண்டு, "போய்ட்டானுங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கழற்றிய பிறகு பாயிடம் கேட்டேன்.

"பிளாக் பண்றதுண்ணே. பண்ணிட்டா இவங்களுக்கு அவன் தெரியமாட்டான், கேக்கமாட்டான். அவனுக்கும் இவங்க தெரியமாட்டாங்க. ஒருத்தருக்கொருத்தர் செத்த மாதிரி." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அதனாலதான் சொல்றேன், பையன் கெடச்சா உடனே பேசிடாதீங்க. கோவத்துல போனவன். வெரட்டினா அப்புறம் எங்க போயி தேடுவீங்க?"

மழைக்காலம் தொடங்கிய ஒரு மத்தியானம் அவன் வந்தான். தோள்வரை முடி வைத்த, மெலிந்த வாலிப உருவம். "இன்னா காக்கா, டீ ஆறிடிச்சா?" என்றான். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

குரல் ஒன்றுபோல் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தேகம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. பூனைக் காது அவனிடம், "ஏன் எப்பவும் தலையச் சாச்சே பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"என் பொட்டியில நடுவுல கருப்பா ஒரு புழு கீது. உன் மூஞ்சிமேல நெளியுது. அதான் சாஞ்சி பாக்கறேன்."

"அச்சச்சோ. எப்பிடி?"

"வெயில் கடிச்சிடுச்சி. எங்கம்மா காய வச்சிட்டாங்க, வத்தல் மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நானும் பெட்டிக்குள் சிரித்தேன், கண்ணாடி நனைந்துவிட்டது. காக்காய்த் தலைக்காரர், "அப்புறம் அம்மாவ இன்னா பண்ண?" என்றார்.

"இன்னா பண்றது? அவங்க இல்ல இப்ப. ரெண்டு பேருமே இல்ல."

"ஐயோ, ஸாரிடா தம்பி" என்றார் அவர். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. என் சாவுக்காக அந்த மௌனத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவன் கிடைத்ததைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நல்லா கீறானா?"

"சிரிக்கிறான்."

"எந்த ஊர்ல?"

"தெரியல. அவன் பேசறப்ப பின்னால ரயில் சத்தம் கேக்குது. யாரோ இந்தியில கத்தறாங்க."

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"சொன்னான். வத்தல் மாதிரி காய வச்சிட்டாங்கன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சான்."

அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். மீதியை நான் சொல்லவில்லை.

அதன் பிறகு தினமும் போனேன். அவனுக்குக் கரடியைப் பிடித்துப் போயிற்று. மற்றவர்கள் சலசலவென்று பேசிக்கொண்டிருக்கும்போது அவன் வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருவான். ஆமாம் என்றால் கட்டைவிரலை இப்படித் தூக்க வேண்டும், இல்லை என்றால் இப்படி ஆட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தான். உள்ளே இருக்கிற கிளாஸை எப்படி எடுப்பது என்று காட்டினான். குடிக்க முடியாது, ஆனால் கையில் வைத்திருக்கலாம். பேசும்போதெல்லாம் அவன் ஒரு கிளாஸை எடுத்து ஆட்டிக்கொண்டே இருப்பான், வீட்டிலும் பிடித்த டம்ளரை வைக்கமாட்டான்.

பேசாத ஆளிடம் மனிதர்கள் நிறையப் பேசிவிடுவார்கள். ராத்திரி வேலை, பகலில் தூங்கவிடாமல் அறையில் ஒருவன் பாட்டுப் போடுகிறான், சாப்பாடு காரம் இல்லை, எல்லாம் சொன்னான். ஒருநாள், "எங்கப்பாவும் உன்ன மாதிரிதாண்ணே. வாயே தொறக்கமாட்டாரு" என்றான். மாட்டாரு என்றுதான் சொன்னான், உயிரோடு இருக்கிறவரைச் சொல்வதுபோல. தொறந்ததே இல்ல என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு கூரையின் கீழ் இருந்தபோது அவன் என்னிடம் இத்தனை பேசியதில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் பேசுகிறான், அதுவே நடந்துகொண்டிருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

என் மனைவி அப்படி நினைக்கவில்லை. "நீங்க மட்டும் தெனம் பாக்கறீங்க. எனக்கு ஒரு வாட்டி காட்டக்கூடாதா?"

"பேசிடுவ."

"பேசமாட்டேன். சாமி சத்தியமா ஒரு வார்த்த பேசமாட்டேன். பாத்துட்டு வந்துடறேன்."

பாய் சம்மதித்தார். "மைக் ஆஃப்ல இருக்கட்டும், அம்மா கத்தினாலும் உள்ள கேக்காது" என்று அவரே அமைத்து வைத்தார். பெட்டிக்குள் தெரிவது சுவரில் இருக்கிற டிவியிலும் தெரியும்படி செய்தார்.

முதலில் நானே மாட்டிக்கொண்டு டீக்கடைக்குள் போனேன். அவன் இருந்தான். பெட்டியைக் கழற்றி டிவியில் அவளுக்குக் காட்டினேன்.

"தோ, முடி வச்சிகினு கீறானே, அவன்தான்."

அவள் நெருங்கிப் போய்ப் பார்த்தாள். "என்னாங்க, கால் இல்லியே."

"யாருக்கும் இல்ல. அங்க அப்பிடித்தான்."

"கால் இல்லாம மெதக்கறான். செத்தவங்கதான அப்பிடி வருவாங்க? உண்மைய சொல்லுங்க, இருக்கானா?"

பாய்தான் சமாதானம் சொன்னார். கால் வரைவதற்கு இன்னும் கம்பெனிக்காரனுக்குத் தெரியவில்லை, அடுத்த வருஷம் கால் விடுவான் அம்மா என்றார். அவளுக்கு அரைகுறையாகத்தான் மனம் ஒப்பியது. அவள் நெற்றியில் இருந்த திருநீற்றை என் துணியால் நானே துடைத்தேன். மாட்டிவிட்டேன். இரண்டு கையிலும் கைப்பிடிகளைக் கொடுத்துப் பட்டையை மணிக்கட்டில் இழுத்துவிட்டேன். விழுந்துவிடுவாளோ என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

டிவியில் அவன் திரும்பிப் பார்த்தான். "வா கரடி. குந்து" என்று பெஞ்சைத் தட்டினான்.

அவள் பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு அடி முன்னால் வைத்தாள். திரையில் அவன் முகம் பெரிதாகியது. மிகவும் நெருங்கினால் உருவம் புகைபோல் மங்கிவிடும். யாரும் யார்மேலும் இடித்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே அப்படி ஒரு ஏற்பாடு. அவன் மங்கினான். அவள் பயந்துபோய்ப் பின்வாங்கினாள். அவன் மறுபடி தெளிந்தான்.

அவளிடம் வாயைத் திறக்காதே என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

திரையில் இரண்டு நீலக் கரடிக் கைகள் மேலே எழுந்தன. அவன் முகத்தின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக வழித்தன. பிறகு திரையை விட்டு விலகின. எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவள் கைப்பிடிகள் இரண்டையும் தன் நெற்றிப்பொட்டுக்குக் கொண்டுபோனாள். விரல் சொடுக்கவில்லை. பெட்டியில் பிளாஸ்டிக் மோதி டக்கென்று சத்தம் வந்தது.

அவன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது. கரடியைப் பார்த்தான். அவன் உருவத்துக்கு முகபாவம் கிடையாது, எப்போதும் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்போடு பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கூப்பிடப் போகிறான் என்று நினைத்தேன். அம்மா என்று ஒரு சொல் வரும் என்று நினைத்தேன். பாயும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அவன் கையை உயர்த்தினான். காற்றில் எதையோ தொட்டான்.

இல்லை.

பெஞ்சு இருந்தது. பாய்லர் இருந்தது. காக்காய்த் தலைக்காரர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவன் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. என் மனைவி இரண்டு கையையும் நீட்டி அந்த இடத்தைத் துழாவினாள். சுவரில் முட்டிக்கொண்டாள். பெட்டியைக் கழற்றியபோது நெற்றியில் பட்டையின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"நான் பேசலியே" என்றாள். "ஒரு வார்த்த பேசலியேங்க."

பாய் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பிளாக் பண்ணிட்டாண்ணே. இந்தக் கரடிக்கு இனிமே அவன் தெரியமாட்டான். வேணும்னா இன்னொரு பொட்டியில வேற பேர்ல போலாம்."

வேண்டாம் என்றேன். வேறு உருவத்தில் போய் மறுபடி அவன் கண்ணில் பட்டால், இந்த டீக்கடைக்கே அவன் வரமாட்டான். கரடியாகவே போனால் நான் இருப்பது அவனுக்குத் தெரியாது. பயமில்லாமல் வருவான். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் ஒரு காலி இடத்தைப் பார்த்துப் பேசினார்கள். கேள்வி கேட்டார்கள், கொஞ்சம் நிறுத்தினார்கள், எனக்குக் கேட்காத பதிலுக்குச் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த கிளாஸ் தானாக எழுந்தது. காற்றில் லேசாக ஆடியது. ஆளை மறைக்கிற ஏற்பாடு கிளாஸை மறைக்க மறந்துவிட்டது.

வீட்டில் அவள் வாசலிலேயே நின்றாள். "வந்தானா?"

"வந்தான்."

"எப்பிடி தெரியும்?"

"கிளாஸ் எழுந்திரிச்சிச்சி."

அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. தினமும் சாயங்காலம் அதையே கேட்பாள், நானும் சொல்வேன். எவ்வளவு நேரம் ஆடியது என்றுகூடக் கேட்பாள். அதிகம் ஆடினால் சந்தோஷமாக இருக்கிறான் என்று அவளாக ஒரு முடிவு வைத்துக்கொண்டாள்.

மற்றவர்களுக்கு நாங்கள் இருவருமே தெரிகிறோம் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கார்த்திகை தீபம் நெருங்கிய சமயம். கீழே தெருவில் வெளியூர்க் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அன்று மத்தியானம் கிளாஸ் என் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. காக்காய்த் தலைக்காரர் காலி இடத்தைப் பார்த்து, "எது, கரடியா? எங்க காணோம்ன்ற? உன் பக்கத்துலயே ஒட்டிகினு குந்திகினு கீதுய்யா. தெனமும் இங்கதான் கீது" என்றார்.

கிளாஸ் ஆடுவது நின்றது.

நான் அசையவில்லை. மைக்கைத் திறக்கிற பொத்தான் என் கட்டைவிரலின் கீழே இருந்தது. அதன் இடம் எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ நாள் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன். திறந்தாலும் அவனுக்குக் கேட்காது. ஆனால் காக்காய்த் தலைக்காரருக்குக் கேட்கும், அவர் எடுத்துச் சொல்வார். என்ன சொல்லச் சொல்வது? அம்மா சாகவில்லை, வாசலில் நிற்கிறாள் என்றா? சொற்களை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். கிளாஸ் மெதுவாக இறங்கி, பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"இன்னாடா, அதுக்குள்ள கெளம்பற?" என்று காக்காய்த் தலைக்காரர் வாசலைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் அவர்கள் யாரும் காலி இடத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் பூனைக் காதுப் பெண், "அவரக் காணமே கொஞ்ச நாளா" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. தீபம் முடிந்தது, கூட்டம் கலைந்தது, பட்டைகளில் திருநீறு கம்மியானது. நான் மத்தியானம் பெட்டியை மாட்டிக்கொண்டு போகிறேன். கிளாஸ் அவன் வைத்த இடத்தில் இருக்கிறது. வேறு யாராவது எடுத்துவிட்டால், எடுத்தவரின் கை எனக்குத் தெரிகிறது.

நேற்றும் அவள் வாசலில் நின்றாள்.

"வந்தானா?"

"வந்தான்."

"கிளாஸ் ஆடிச்சா?"

"ஆடிச்சி" என்றேன். "ஜாஸ்தியாவே ஆடிச்சி."

அவள் உள்ளே போய் எனக்குச் சோறு போட்டாள்.